சீட்டுக்கு அடியில் தகரப் பெட்டி

கவரைப்பேட்டையில் ரோட்டோரக் கொட்டகை போட்டு லாரிகளுக்கு ஒயரிங் பார்த்துவந்த துலுக்காணத்திடம் ஒரே நிறத்தில்தான் ஒயர் இருக்கும். கறுப்பு. விளக்குக்கும் கறுப்பு, ஹாரனுக்கும் கறுப்பு, டைனமோவிலிருந்து வருவதும் கறுப்பு. மற்ற எலக்ட்ரீஷியன்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் போடுவார்கள். பின்னால் கோளாறு வந்தால் கண்டுபிடிக்க வசதி. அந்த வசதிதான் துலுக்காணத்துக்கு ஆகாது.

"எனக்கு வசதின்னா எதுர்க்கடக்காரனுக்கும் வசதிதானே?" என்பார்.

எந்த ஒயர் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பது அவர் மண்டைக்குள் மட்டும் இருக்கும். அவர் ஒயரிங் போட்ட லாரியை வேறொருவன் தொட்டால் பைத்தியம் பிடித்து இறங்குவான். திரும்பவும் அவரிடமே வந்தாகவேண்டும்.

எதிர்க்கடைக்காரன் மணவாளன். ஒரு காலத்தில் இரண்டு பேரும் செங்குன்றத்தில் ஒரு பாட்டரிக் கடையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட துலுக்காணம், கை சுட்டு, கண் கலங்கிக் கற்றுக்கொண்ட வேலையை எல்லாம் மணவாளனுக்கு மனசு விட்டுச் சொன்னார். பிறகு இவர் கவரைப்பேட்டையில் கொட்டகை போட்டதும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் மணவாளனும் ஒரு கொட்டகை போட்டான். அவன் போர்டில் சிவப்பு மின்னல் படம் வேறு. அன்றைக்கு ஆரம்பித்தது துலுக்காணத்துக்கு இந்தச் சந்தேக வியாதி.

வண்டிக்கு அடியில் படுத்தால் பியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் படுப்பார். மேலே எவனாவது சுவிட்சைத் தட்டிவிடுவான் என்று. டீக்கடையில் பாலில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்க, பெஞ்சில் உட்காராமல் பாய்லர் பக்கமே நின்று குடிப்பார். ராத்திரி கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "உங்க அப்பன் பூட்டுக்கே ஒரு பூட்டு வாங்கினு வரும்" என்று அவர் பெண்சாதி பச்சையம்மா பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தது யார் காதில் விழுந்தது என்று அதையும் அவர் பார்ப்பார்.

எழுபத்துமூன்றில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்பு உருக்குகிற கம்பெனிகள் ஒன்றிரண்டு தலைகாட்டத் தொடங்கியிருந்த சமயம், முனிகிருஷ்ணன் அவரிடம் வந்தார். மூன்று லாரிக்கு முதலாளி. துறைமுகத்திலிருந்து பழைய இரும்பு ஏற்றி வருவதுதான் தொழில். கூடவே ஒரு சாக்கு மூட்டை. அவிழ்த்தால், உள்ளே பட்டாளத்துக் கழிவுச் சாமான் கடையில் வாங்கிய சின்னக் காற்று கம்ப்ரசர் ஒன்று, பச்சைப் பெயின்ட் உரிந்து கிடந்தது.

"இத்த என் லாரில மாட்டணும்பா. பழைய இரும்பு ஏத்தி ஏத்தி டயர் பஞ்சராவுது. வழில காத்து புடிக்கக் கடை எங்க கீது? அப்டியே ஒரு காத்து ஹாரனும் வெச்சுடு. நெல்லூர்க்காரன் வண்டி மாதிரி சத்தம் வரணும்."

துலுக்காணம் கம்ப்ரசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க புட்ச்சீங்க மொதலாளி? திருட்டு சாமான் இல்லியே?"

"யோவ், டப்பு குடுத்து வாங்கினதுயா!"

வேலை பெரிய கம்பசூத்திரம் இல்லை. கம்ப்ரசர் காற்றை அடைக்க ஒரு இரும்புத் தொட்டி. தொட்டியின் தலையில் ஒரு காற்று சுவிட்சு: காற்று குறைந்தால் சுவிட்சு ஒட்டிக்கொள்ளும், நிரம்பினால் விட்டுவிடும். ஆனால் கம்ப்ரசர் இழுக்கிற கரண்டை அந்தச் சின்ன சுவிட்சு தாங்காது, கருகிப்போகும். அதனால் நடுவில் ஒரு ரிலே. சின்ன ஒயரில் வருகிற கொஞ்சம் கரண்டுக்கு ரிலே 'டொக்' என்று விழித்துக்கொண்டு பெரிய ஒயரின் கதவைத் திறந்துவிடும். சின்ன ஒயரில் கரண்டு நின்றால் கதவைச் சாத்திவிடும். அவ்வளவுதான்.

அந்தச் சின்ன ஒயருக்குக் கரண்டை எங்கே எடுப்பது என்பதில்தான் வில்லங்கம். முறையாகச் செய்தால் சாவி சுவிட்சிலிருந்து எடுக்கவேண்டும். சாவியைத் திருப்பினால்தான் கம்ப்ரசருக்கு உயிர், சாவியை எடுத்தால் அதுவும் தூங்கிவிடும். முதலாளியும் அப்படித்தான் கேட்டார். துலுக்காணம் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. சாவி சுவிட்சு டிரைவர் முட்டிக்கு நேரே இருக்கிறது. டிரைவர்கள் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியாதா? சாமி படத்துக்கு ஒரு சீரியல் பல்பு, காலுக்கு ஒரு பேன், ரேடியோ என்று அந்த சுவிட்சின் முதுகிலேயே ஒயர் இழுத்து முறுக்குவான். அது கருகும். பழி துலுக்காணத்தின் மேல் விழும்.

ஆகவே அவர் சாவிப் பக்கமே போகவில்லை. பாட்டரியிலிருந்து நேராக எடுத்தார். கிளீனர் உட்காருகிற சீட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி வைத்து, ரிலேயையும் மொத்த ஒயரையும் அதற்குள் திணித்து, பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். டிரைவர் தொட எதுவுமே இல்லை. தொட்டி காலியானால் தானே நிரம்பும், நிரம்பினால் தானே நிற்கும்.

அந்த லாரிக்கு டிரைவர் வேறு யாருமில்லை. அவர் தங்கை செங்கம்மாளைக் கட்டியவன், கலியன்.

"பொட்டில இன்னா மச்சான் கீது?" என்று கேட்டான் கலியன்.

"உனுக்கு இன்னாத்துக்கு மாப்ள? நீ ஸ்டேரிங்க புடி."

கலியன் அதிகம் பேசமாட்டான். அதனாலேயே துலுக்காணத்துக்கு அவன் மேல் ஒரு கண். பேசாதவன் மனசுக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று யார் கண்டது?

ஆடி மாதம் பிறந்தது, வினை ஆரம்பித்தது. சில நாள் காலையில் லாரி எழுந்திருக்கவில்லை. பாட்டரி செத்துக் கிடக்கும். ஆள் வைத்துத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவேண்டியிருந்தது. முனிகிருஷ்ணன் புதுப் பாட்டரி போட்டார். அதுவும் அப்படியே. கவனித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. கும்மிடிப்பூண்டியில் முதலாளி வீட்டு முற்றத்தில் வண்டி நின்ற ராத்திரிகளில் பாட்டரிக்கு ஒன்றும் ஆவதில்லை. கலியன் தன் ஊருக்கு வண்டியை எடுத்துப்போன ராத்திரிகளில்தான் சாகிறது. அவன் வீடு புதுவாயல் தாண்டி ஆரணி போகிற ரோட்டில் ஒரு ரைஸ் மில்லை ஒட்டி இருந்தது. மில் வாசலில்தான் லாரியை நிறுத்துவான். கிளீனர் கும்மிடிப்பூண்டிக்காரன், வழியிலேயே இறங்கிக்கொள்வான். ராத்திரி வண்டியிடம் கலியனைத் தவிர யாருமில்லை.

ஆடி மாதம் என்றால் அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் கூழ் ஊற்றுகிற திருவிழா, கூத்து, ரேடியோ செட். கரண்டை எந்த நேரம் பிடுங்குவான் என்று தெரியாத காலம். மைக்செட்டுக்காரர்கள் லாரி பாட்டரியை வாடகைக்கு வாங்கித்தான் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவார்கள். முனிகிருஷ்ணன் ஒன்றையும் ஒன்றையும் கூட்டிப் பார்த்தார்.

கலியனைக் கூப்பிட்டுக் கேட்டார். "ராத்திரில பாட்டரிய யாருக்குக் குடுக்கிற?"

"யாருக்கும் குடுக்கல மொதலாளி."

"அப்ப என் ஊட்டாண்ட நின்னா சாவாத பாட்டரி உன் ஊட்டாண்ட நின்னா மட்டும் ஏன் சாவுது? உன் ஊட்டு வாசல்ல பேயி கீதா?"

கலியன் தரையைப் பார்த்தான். அந்தப் பார்வையே போதுமென்று ஆகிவிட்டது.

"வெள்ளிக்கெயம வண்டிக்குப் பூச போட்றேன். பூச முடிஞ்சதும் சாவிய வெச்சுட்டுப் போயிக்கினே இரு. வேற டிரைவரு, ஆசீர்வாதத்த வரச் சொல்லிக்கீறேன்."

கும்மிடிப்பூண்டி லாரி ஸ்டாண்டில் ஒரு பேச்சு கிளம்பினால் எண்ணூர் வரைக்கும் போய்த்தான் நிற்கும். பாட்டரி திருடன் என்று பெயர் விழுந்த டிரைவருக்கு அந்த ரோட்டில் எவனும் ஸ்டேரிங்கைக் கொடுக்கமாட்டான். கலியனுக்கு வேறு தொழில் தெரியாது. நிலமும் கிடையாது.

செங்கம்மாள் அன்றைக்கே பஸ் ஏறிக் கொட்டகைக்கு வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை. வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"ண்ணா, அந்த ஆளு மேல பழி போட்டுக்கினு கீறாங்க, நீ இங்க ஒயரு சீவிக்கினு குந்தினுகீறியா?"

"நான் இன்னா பண்ணட்டும்? எடுத்தவன் எடுத்தான்."

"யாரு எடுத்தது? எங்க ஊட்டுக்காரரா? அது ராத்திரி சோறு துன்னுட்டு சாஞ்சா காலைலதான் கண்ண தொறக்குது. பக்கத்துல பட்த்துகினு கீற எனுக்குத் தெரியாதா?"

"நீ தூங்கினப்பறம் எய்ந்து போனா உனுக்கு எப்டித் தெரியும்?"

செங்கம்மாள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள். "உனுக்கு பெத்த தாயி ஊட்ன சோத்துல கூட மண்ணு கீதான்னு பார்த்தவன் நீ. உங்கிட்ட வந்தேன் பாரு!" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தங்கை அப்படிப் போனது துலுக்காணத்தை அறுத்தது. கலியனை நம்பினார் என்று சொல்லமுடியாது. ஆனால் திருடினான் என்றால் அதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும். பார்க்காமல் எதையும் நம்புகிற ஜென்மமா அது?

முதலில் மைக்செட்டுக்காரன் சடையப்பனைத் தேடிப் போனார். பாட்டரி வாங்க வந்தவர்போல் பேச்சுக் கொடுத்து, அவனிடமிருந்த பாட்டரிகளை எல்லாம் தடவிப் பார்த்தார். முனிகிருஷ்ணனின் புதுப் பாட்டரி அடியில் அவரே ஆணியால் யாருக்கும் தெரியாமல் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார். எவனாவது பாட்டரியையே மாற்றிவிடுவான் என்று. அந்தக் கோட்டோடு பாட்டரி லாரியில்தான் இருந்தது. சடையப்பன் முறைத்தான்.

"இன்னாய்யா தடவிக்கினே கீற, கன்னுக்குட்டியா வாங்க வந்த? கலியன் கிட்ட நானே போயி கேட்டேன். குடுக்கமாட்டேன்னுட்டான். அவன் பொண்டாட்டி கூட பொறந்தவன்தானே நீ? உனுக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தார் துலுக்காணம். பிறகு மணவாளன் ஞாபகம் வந்தது. எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். தன் பெயரைக் கெடுக்க ராத்திரியில் போய் ஒயரைக் கியரை மாற்றியிருந்தால்? ஆனால் தகரப் பெட்டியின் பூட்டில் கீறல்கூட இல்லை. அதுவும் பார்த்தாயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம், சரக்கு சீக்கிரம் இறங்கிவிட்டதால் கலியன் சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, துலுக்காணம் சைக்கிளை எடுத்தார். போகும்போது மணி அடிக்கவில்லை. மில்லுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்.

மில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டு அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் பேசுகிறவன் வாய்தான் தெரியும், பேச்சு கேட்காது. இரண்டு ஷிப்ட்டு ஓட்டுகிறார்கள், ராத்திரியும் இதே கூச்சல்தான். லாரி வாசலில் தவிட்டுத் தூசி படிந்து நின்றது. என்ஜின் நிறுத்தியிருந்தது, சாவி இல்லை. எதிரில் நெல் மூட்டை இறக்கிய டயர் மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றன. கலியனைக் காணோம். அவன் வீட்டில் தட்டுச் சத்தம் கேட்டிருக்கும், மில் மட்டும் ஓடாமல் இருந்தால்.

துலுக்காணம் ஒரு வண்டிக்குப் பின்னால் குந்தினார். யார் வருகிறான் பார்ப்போம்.

யாரும் வரவில்லை. கரண்டுதான் போயிற்று. மில் பெல்ட்டு இழுத்து இழுத்து நின்றது. திடீரென்று காதுக்குள்ளிருந்து பஞ்சை எடுத்ததுபோல ஊரே அமைதியாகிவிட்டது. காக்கை கத்துவது கேட்டது. யாரோ எங்கோ இருமினார்கள்.

அந்த அமைதியில் லாரி பேசியது.

'டொக்.' அதன் பின்னாலேயே 'டுர்ர்ர்ர்' என்று ஒரு உறுமல். என்ஜின் இல்லை, சாவி இல்லை, ஆள் இல்லை. கம்ப்ரசர் தானாக ஓடியது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது. துலுக்காணம் எழுந்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் 'டொக்', 'டுர்ர்ர்'.

சீட்டைத் தூக்கி, அரைஞாணிலிருந்த சாவியால் பெட்டியைத் திறந்தார். பாட்டரியிலிருந்து நேராக வந்த கறுப்பு ஒயர் அங்கே பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது. அவர் கையால் போட்டது. தொட்டியில் காற்று குறைகிறது, சுவிட்சு ஒட்டுகிறது, ரிலே கதவைத் திறக்கிறது, பாட்டரியைக் குடித்துக் கம்ப்ரசர் ஓடுகிறது. நிறுத்தச் சாவி இல்லை. விடிய விடிய இப்படியே ஓடினால் பாட்டரி சாகாமல் என்ன செய்யும்? மில் சத்தத்தில் எவன் காதில் விழும்?

ஆனால் காற்று ஏன் குறைகிறது? அதைக் காது கொடுத்துக் கேட்பதற்குள் கரண்டு வந்து தொலைத்தது. மில் மறுபடியும் தடதடத்தது. துலுக்காணத்தின் கண் சுற்றி வந்து டயர் மாட்டுவண்டிகள் மேல் நின்றது. ஒரு வண்டியில் டயர் அப்போதுதான் காற்று அடித்ததுபோல் முறுக்காக இருந்தது.

இப்படியா சேதி! லாரிக் காற்றை வண்டிக்காரர்களுக்கு விற்கிறானா?

கலியன் வாய் துடைத்துக்கொண்டு வந்தான். மச்சானைப் பார்த்ததும் திகைத்தான்.

"தொட்டில இருக்கிற காத்து எங்க மாப்ள போவுது?" என்று அவன் காதில் வாயை வைத்துக் கத்தினார் துலுக்காணம்.

"எனுக்கின்னா தெரியும்?"

"இங்க வந்தா மட்டும் நீ இன்னா பண்ற? சொல்லு! அங்க பண்ணாதது எதுனா பண்றியா?"

கலியன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தான், வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். துலுக்காணத்துக்கு அது போதும். மறைக்கிறான்!

ஆனாலும் சைக்கிளை மிதித்துத் திரும்பும்போது வேறொரு நினைப்பு கூடவே வந்தது. அந்த ஒயரை இப்போதே திரும்பிப் போய் மாற்றிவிட்டால்? சாவியோடு சேர்த்துவிட்டால் ராத்திரியில் கம்ப்ரசர் ஓடாது, பாட்டரி சாகாது. எல்லாமே கறுப்பு ஒயர். முன்னால் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று உலகத்தில் ஒருவனாலும் சொல்லமுடியாது. அவர் பெயருக்குப் பங்கமில்லை. மணவாளன் சிரிக்கமாட்டான். ஆனால் நாளைக்குப் பூசை. கலியன் திருடனாகவே இறங்கிப் போவான். காற்றைத் திருடினானோ என்னவோ, பாட்டரியைத் திருடவில்லை என்பது துலுக்காணம் ஒருவருக்குத்தான் தெரியும். தங்கை தண்ணீர் குடிக்காமல் போன முதுகு கண்ணிலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை காலை கும்மிடிப்பூண்டி முற்றத்தில் லாரியைக் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் தயார். ஆசீர்வாதம் தன் துணிப்பையோடு ஓரமாக, மாப்பிள்ளை வீட்டுக்கு முன்கூட்டியே வந்துவிட்ட விருந்தாளிபோல நெளிந்துகொண்டு நின்றார். கலியன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். செங்கம்மாளும் வந்திருந்தாள். அண்ணனைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

துலுக்காணம் நேரே முதலாளியிடம் போனார். "மொதலாளி, பாட்டரிய எவனும் கயட்டல. கம்ப்ரசரு தானா ஓடுது. நான் சாவிலேர்ந்து கரண்டு எடுக்கல. பாட்டரிலேர்ந்து நேரா எடுத்துக்கீறேன்."

சொன்னதோடு நிற்காமல், தொட்டிக்கு அடியில் இருந்த திருகைத் திறந்து காற்றைப் போக்கினார். 'டொக்', 'டுர்ர்ர்'. சாவி கலியன் கையில் இருந்தது, கம்ப்ரசர் ஓடியது.

முனிகிருஷ்ணன் தாடையைச் சொறிந்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

"செரி, நீ காத்த தொறந்து உட்ட, அது ஓடுது. என் ஊட்டாண்ட நிக்கறப்ப எவன் தொறந்து உட்டான்? எவனுமில்ல, அதான் பாட்டரி சாவல. அவன் ஊட்டாண்ட எவன் தொறந்து உட்றான்? அத்த சொல்லு. மச்சானும் மாப்ளயும் சேந்துகினு எனுக்கு பொம்மலாட்டம் காட்றீங்களா?"

துலுக்காணத்துக்கு மாட்டுவண்டி டயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டார். எல்லோரும் கலியனைப் பார்த்தார்கள்.

"சொல்றா. உன் ஊட்டாண்ட வந்தா இன்னா பண்ணுவ?"

கலியன் காது மடலெல்லாம் சிவந்து நின்றான். ஆசீர்வாதம் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"ஹாரன் அடிக்கும்," என்றாள் செங்கம்மாள்.

"இன்னாது?"

"புளியமரத்தாண்ட வரும்போதே ஹாரன இஸ்துடும். கொளத்து மொனை திரும்பி மில்லாண்ட வர்ற வரிக்கும் உடாது. அது கேட்டாதான் நான் ஒல வெப்பேன். வந்து குந்தினதும் சுடுசோறு வோணும் இந்த ஆளுக்கு. வாயத் தொறந்து சொல்ல வெக்கம். ஊர்ல ஆம்பளைங்க சிரிக்கறாங்களாம்."

முற்றத்தில் இருந்தவர்கள் சிரித்தே விட்டார்கள். கலியன் தலையைத் தொங்கவிட்டான். முனிகிருஷ்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"என் காத்துல உன் சோறு வேவுதா? செரி, ஹாரன் அடிச்சா காத்து போவும், திரும்ப ரொம்பும். அதோட முடிஞ்சுது. ராத்திரி பூரா எப்டி போவும்?"

துலுக்காணத்தின் மண்டையில் ஒன்று ஓடியது. அந்த ஹாரன் பட்டன் ஹாரன் இல்லை. தலைக்கு மேலே தொங்குகிற கயிற்றை இழுத்தால் வால்வு திறக்கும், விட்டால் மூடும். குளத்து முனை மொட்டைத் திருப்பம். இரண்டு கையாலும் ஸ்டேரிங்கை வளைத்தால்தான் லாரி திரும்பும்.

"திரும்பறப்ப கயிற எந்தக் கையால புட்ச்சினு இருப்ப மாப்ள?"

கலியன் முதல் தடவையாக நிமிர்ந்தான். "கையால ஏன் புடிக்கிறேன்? கண்ணாடி ஏத்தற கைப்புடில மாட்டிருவேன். நின்னப்பறம் கயட்டிருவேன்."

"ஏறுங்க மொதலாளி வண்டில," என்றார் துலுக்காணம்.

பூசை அப்படியே நின்றது. கலியன் ஓட்ட, கிளீனர் சீட்டில் முதலாளி, பின்னால் மற்றவர்கள். ஆசீர்வாதமும் ஏறிக்கொண்டார். வேடிக்கை பார்க்காமல் போக அவருக்கும் மனசில்லை. புளியமரத்தருகே கலியன் தயங்கினான்.

"எப்பவும் போல பண்ணுடா!" என்றார் முதலாளி.

கயிற்றை இழுத்துக் கண்ணாடிக் கைப்பிடியில் மாட்டினான். ஹாரன் ஓலமிட்டுக்கொண்டே திருப்பத்தைக் கடந்தது. மில் வாசலில் நின்றதும் கயிற்றைக் கழற்றினான், என்ஜினை நிறுத்தினான், சாவியை எடுத்து முதலாளி மடியில் போட்டான். கம்ப்ரசர் கொஞ்சம் ஓடி நின்றிருக்கும். மில் கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"எங்கய்யா ஓடுது? ஒரு எயவும் கேக்கலியே!"

"காதால கேக்காதீங்க. எய்ந்துக்காம அப்டியே குந்தினு இருங்க."

முனிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். முகத்தில் நம்பிக்கை இல்லை. வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். பாதி மடிக்கும்போது அவர் தொடைக்கு அடியில், தகரப் பெட்டிக்குள், 'டொக்' என்று ஒரு அடி. சீட்டு அதிர்ந்தது. வெற்றிலை ஒரு பக்கம், பாக்கு ஒரு பக்கம் பறக்க அவர் எழுந்து குதித்தார்.

"அடப்பாவி! உசுரு கீதுய்யா உள்ள!"

துலுக்காணம் வண்டி மேல் ஏறி, ஹாரன் வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் காட்டினார். எச்சில் குமிழி விட்டது. அவ்வளவு நேரம் இழுபட்டு நின்ற வால்வு முழுக்க மூடாமல் மயிரிழை திறந்திருந்தது. கயிற்றை ஒரு தரம் சுண்டி விட்டார். குமிழி நின்றது. காலையில் கலியன் கிளம்பும்போது ஒரு தரம் ஹாரன் அடித்ததும் வால்வு இதேபோல் முழுக்க மூடிக்கொள்ளும். பகலில் பார்த்தவன் கண்ணுக்கு எந்தக் கோளாறும் தெரியாது.

முனிகிருஷ்ணன் சாவியைக் கலியன் கையில் வைத்தார். மன்னிப்பு கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "ஒல வெக்க வேற ஹாரன் அடி. ரப்பர் ஹாரன் ஒண்ணு வாங்கி மாட்டிக்க," என்றார். பிறகு துலுக்காணத்தின் பக்கம் திரும்பினார். "அவன் மேல சந்தேகப்பட்டேன். ஒயரு மேல பட்டிருக்கணும். மத்த ரெண்டு வண்டிய இனிமே மணவாளன் பாத்துக்கட்டும்."

துலுக்காணம் வண்டி மேலிருந்து இறங்கினார்.

ஆசீர்வாதம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கலியன் தோளைத் தட்டினார். "நல்ல வேளப்பா. ஒண்ணும் தெரியாம அந்தப் பொட்டி வண்டிய நான் ஓட்டிருந்தா அடுத்த திருடன் நான்தான்."

அன்று சாயங்காலமே துலுக்காணம் அந்த ஒயரைச் சாவி சுவிட்சுக்கு மாற்ற உட்கார்ந்தார். இந்த ஒரு ஒயராவது பார்த்தவுடன் தெரியவேண்டும் என்று தோன்றியது. கொட்டகையில் கறுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. ரோட்டைத் தாண்டிப் போய் மணவாளன் கடை முன்னால் நின்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"செவப்பு ஒயரு கொஞ்சம் வோணும்."

மணவாளன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா, ஊட்ல கல்யாணமா? கலரு கேக்குற?"

"குடுக்கிறியா இல்லியா?"

மணவாளன் வெட்டிக் கொடுத்தான். துலுக்காணம் திரும்பும் வழியில் அதை வளைத்து வளைத்து, உள்ளே கம்பி அறுந்து கிறுந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

சிவப்பு ஒயர் பெட்டிக்குள் ஏறியது. மூடியைச் சாத்திப் பூட்டைத் தேடினால், அவர் பூட்டு அங்கே இல்லை. கலியன் வேறொரு புதுப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனே மாட்டினான், அவனே பூட்டினான், சாவியைத் தன் அரைஞாணில் முடிந்துகொண்டான்.

"என்னாண்டயே இருக்கட்டும் மச்சான்."

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிக்கு அவர் ஒயரிங் போட்டார், அதே கறுப்பு ஒயர்தான், சுபாவம் மாறவா போகிறது? ஆனால் கலியன் லாரியின் பெட்டிச் சாவி மட்டும் திரும்ப அவர் கைக்கு வரவே இல்லை. ரிலே பாயின்ட்டு தேய்ந்து மாற்றவேண்டி வந்தால் கலியன் திறந்துவிட்டு, தள்ளிப் போகாமல் பக்கத்திலேயே குந்திக்கொள்வான். துலுக்காணமும் பழக்க தோஷத்தில் ஒயர் மேல் இடது கையைக் குவித்து மறைத்துக்கொண்டுதான் திருகுவார்.

"கைய எடு மச்சான்," என்பான் கலியன். "தெரியல."